யாரிடம் வழி கேட்கின்றோம்?

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)





இந்த மேடையில் ஏறுவோர் உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். எமக்கோ இன்று மிகச் சிறிய பொருளொன்று தரப்பட்டிருக்கின்றது. அலுமாரியின் மேலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ பச்சை விளக்கு மினுங்க இருந்துகொண்டிருக்கின்ற ரவுட்டர்ப் பெட்டியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் உள்ளே எங்கோ ஓரிடத்தில் இரண்டு வரிகளில் சில இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை டி.என்.எஸ். அமைப்பு என்பார்கள். அந்த இரண்டு வரிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். வங்கிப் பணமும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகமும், மாணவனின் பாடமும் இன்று அந்த இரண்டு வரிகளைக் கடந்தே வீட்டுக்குள் வருகின்றன. ஆகையால் பேசுவதற்கு விடயம் உண்டு.

பெயரும் இலக்கமும்

நாம் துறைமுகத்து மக்கள். ஆதலால் துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம். எமது ஊருக்குத்தான் எத்தனை பெயர்கள்! திருகோணமலை என்கின்றோம்; திருமலை என்று சுருக்குகின்றோம்; பாளி நூல்கள் கோகண்ணம் என்றன; ஆங்கிலேயர் திரிங்கோமலி என்றார்கள்; சிங்கள மக்கள் தம் மொழியில் திரிகுணாமலய என்கிறார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்பவர் மனத்தில் தோன்றுவது இதே குடாவும் இதே மலையுமே. ஆனால் ஆழ்கடலில் வருகின்ற கப்பலுக்குப் பெயர் மாத்திரம் போதாது. வட அகலாங்கு ஏறத்தாழ 8.6 பாகை, கிழக்கு நெட்டாங்கு ஏறத்தாழ 81.2 பாகை என்ற இலக்கம் அதற்கு வேண்டும்.

இணையமும் இப்படிப்பட்டதே. மனிதர் பெயரை நினைவில் வைப்பர். இயந்திரம் இலக்கத்தையே அறியும். இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு. நாம் வங்கியின் பெயரைத் தட்டுகின்றோம். அந்தப் பெயருக்குரிய இலக்கம் யாது என்று எமது பெட்டி எவரிடமோ கேட்கின்றது. அவர் சொல்கின்ற இலக்கத்தை நம்பி அங்கே போகின்றது. இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு நொடியின் சிறு பங்கில் முடிந்துவிடுவதால் நாம் அதனை அறிவதேயில்லை.

தொடக்க காலத்தில் இதற்கு இத்தனை ஏற்பாடு இருக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரேயொரு பட்டியல் இருந்தது. இணைந்திருந்த கணினிகளின் பெயர்களையும் இலக்கங்களையும் அங்கே ஒரு சிறு குழுவினர் பதிந்து வந்தனர். மற்றோர் எல்லோரும் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். ஊர் பெருத்தபோது ஒரு கிராமத் தலைவரின் கொப்பி போதாமற் போவதைப்போல அந்தப் பட்டியலும் போதாமற் போயிற்று. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் இன்றைய பெயர்முறையை வகுத்தார். அதன் சிறப்பு யாதெனில், எல்லாவற்றையும் அறிந்தவர் ஒருவர் என்று அதில் எவருமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மாத்திரம் காட்டிவிடுவர். மூலத்தில் நிற்கின்ற சேவையகங்கள் 13 பெயர்களால் அழைக்கப்படுகின்றன. அந்தப் பெயர்களின்கீழ் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் வேலை செய்கின்றன. ‘எல்கே’ என்று முடிகின்ற பெயரைக் கேட்டால், ‘அது இலங்கைப் பதிவகத்தாரைச் சேர்ந்தது, அங்கே கேள்’ என்று அவை கைகாட்டும். பதிவகம், ‘அந்த நிறுவனத்தின் பட்டியல் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று கைகாட்டும். கடைசியில் அந்த நிறுவனத்தின் பட்டியலே இலக்கத்தைச் சொல்லும்.

இந்த வரிசையில் எமது நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நல்லது. எல்கே என்ற முடிவு 1990ஆம் ஆண்டு எமது நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது; மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அதன் பதிவு வேலை வளர்ந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழிலே ‘.இலங்கை’ என்றும், சிங்களத்திலே ‘.லங்கா’ என்றும் இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஆகவே இன்று தமிழெழுத்திலேயே இணைய முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் அதனை உள்ளே ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது என்றாலும், வாசலில் எழுதப்பட்டிருப்பது எமது மொழியே.

எமக்காகக் கேட்பவர்

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருவோம். மூலத்திலிருந்து கடைசிப் பட்டியல்வரை படிப்படியாகச் சென்று கேட்கின்ற வேலையை எமது வீட்டுப் பெட்டி தானே செய்வதில்லை. அதனை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுகின்றது. அந்த இன்னொருவரின் இலக்கமே அமைப்பிலுள்ள அந்த இரண்டு வரிகள். முதல் வரியில் ஒருவர். அவர் பதில் சொல்லாவிட்டால் கேட்பதற்கு இரண்டாம் வரியில் மற்றொருவர்.

அவரைத் துறைமுகத்து வழிகாட்டிக்கு ஒப்பிடலாம். பெருங்கப்பல் துறைமுகத்தை அணுகும்போது, இங்குள்ள ஆழமும் பாறையும் தெரிந்த வழிகாட்டி ஒருவர் படகிற் சென்று அதில் ஏறிக்கொள்வார். பல கடல் கண்ட கப்பற் தலைவனும் அவர் சொற்படி கப்பலைத் திருப்புவான். உட்துறைமுகம் உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைகளில் ஒன்றாயினும், வழி தெரியாதவனுக்கு அதன் வாசலிலேயே ஆபத்து உண்டு. வழிகாட்டி நல்லவரானால் கப்பல் துறையைச் சேரும். அவர் தவறானவரானால், கப்பலில் எத்தனை பேர் விழித்திருந்தாலும் பயனில்லை.

எமது வீடுகளில் இந்த வழிகாட்டியை நியமித்தவர் யார்? பெரும்பாலும் நாம் அல்லோம். இணைப்புத் தந்த நிறுவனம் தன்னுடைய வழிகாட்டியின் இலக்கத்தைப் பெட்டிக்குத் தானாகவே கொடுத்துவிடும். இதிற் குற்றம் ஒன்றுமில்லை. பெரும்பாலான நாள்களில் அந்த வழிகாட்டி அருகிலிருந்து விரைவாகவே பதில் தருவார். ஆனால் நியமனம் ஒன்று நடந்திருக்கிறது என்பதையே அறியாதிருத்தல் வீட்டுக்காரருக்கு அழகன்று.

பொய் விளக்கு

வெளிச்சவீட்டில் விளக்கு அணைந்துவிட்டால் மாலுமி அதனை உடனே அறிவான். கப்பலை நிறுத்திவிட்டு விடியும்வரை காத்திருப்பான். பாறையின்மேல் எவனாவது பொய் விளக்கொன்றை ஏற்றி வைத்தால் என்ன நடக்கும்? மாலுமி நம்பிக்கையோடு அதனை நோக்கி வருவான். டி.என்.எஸ். வேலை செய்யாமற் போனால் இணையம் நின்றுவிடும். அது தொல்லை மாத்திரமே. டி.என்.எஸ். பொய் சொன்னால் இணையம் நன்றாக ஓடுவதுபோலவே தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

இது கற்பனையன்று. 2007ஆம் ஆண்டு தொடங்கி டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீய நிரல் 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளுள் நுழைந்து, அவற்றின் வழிகாட்டி இலக்கத்தை மாற்றியது. மக்கள் ஒரு பக்கத்தைக் கேட்க, மோசக்காரருக்கு வருவாய் தருகின்ற வேறொரு பக்கம் வந்தது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் 6 பேர் கைது செய்யப்பட்டனர். அதன்பின் எழுந்த சிக்கலைக் கவனியுங்கள். பொய் வழிகாட்டிகளை உடனே அணைத்திருந்தால், அவற்றையே கேட்டுப் பழகிய இலட்சக்கணக்கான வீடுகளில் இணையம் நின்றிருக்கும். ஆகவே நீதிமன்றத்தின் அனுமதியோடு அந்த இலக்கங்களில் நல்ல வழிகாட்டிகளை அமர்த்தி, 2012 யூலை 9ஆம் திகதிவரை வைத்திருந்தார்கள். தம் வழிகாட்டி யார் என்று தெரியாதோர் உலகில் எத்தனை பேர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறேசில் நாட்டில் நடந்தது எமது வீடுகளுக்கு இன்னும் நெருங்கியது. அங்கே 2011ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 45 இலட்சம் வீட்டு மோடம்களின் டி.என்.எஸ். வரிகள் மாற்றப்பட்டன. கணினியைத் தொடவில்லை, பெட்டியைத்தான் தொட்டார்கள். பெட்டியின் உள்ளிருந்த நிரலின் ஓட்டையே அதற்கு வாசலாயிற்று. கணினியிலே நச்சுநிரற் காவல் வைத்திருந்தவரும் பொய்ப் பக்கத்துக்குப் போயினர்.

எமது நாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில் கூகிளின் இலங்கை முகவரி உட்பட எல்கே என்று முடிகின்ற சில முகவரிகளைக் கேட்டவர்கள், நாட்டின் குறைகளைச் சொல்கின்ற வேறொரு பக்கத்தைக் கண்டார்கள். பெயர்ப் பதிவில் எவரோ கைவைத்துவிட்டார்கள். அன்றே அது திருத்தப்பட்டது. இத்தகைய சமயத்தில் வீட்டிலே எந்த வழிகாட்டியை வைத்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. மூலப் பட்டியலே பிழையானால் நல்ல வழிகாட்டியும் பிழையான வழியையே சொல்வார். இந்த எல்லையையும் நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

எமது அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். உட்துறைமுக வீதிப் பக்கத்தில் ஓர் ஐயா வீட்டிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். வங்கிப் பக்கத்தைத் திறந்தபோது, ‘இந்த இணைப்பு நம்பத்தக்கதன்று’ என்ற எச்சரிக்கை வந்ததாம். பேரன், ‘அப்பப்பா, அது ஒன்றுமில்லை, தொடர்க என்பதை அமத்துங்கோ’ என்றானாம். அவர் மறுத்துவிட்டார். ‘தம்பி, விளக்கு இருக்கக்கூடாத இடத்தில் விளக்குத் தெரிஞ்சால் கப்பலை நிப்பாட்ட வேணும்’ என்றார். நாம் போய்ப் பார்த்தோம். பெட்டியின் கடவுச்சொல், கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததே. டி.என்.எஸ். வரியில் இருந்த இலக்கம் இணைப்பு நிறுவனத்தினதுமன்று; நாம் அறிந்த எந்தப் பொதுச் சேவையினதுமன்று. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதை எம்மாற் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, கடவுச்சொல்லை மாற்றி, உரிய இலக்கங்களை எழுதினோம். எச்சரிக்கை மறைந்தது. அந்த ஐயாவின் ஓய்வூதியப் பணத்தைக் காப்பாற்றியது எமது அறிவன்று, அவருடைய நிதானமே.

தம்பிமார்களே, அந்த எச்சரிக்கையின் பொருளை அறிந்துகொள்ளுங்கள். வழிகாட்டி எங்கே கொண்டுபோய் விட்டாலும், போய்ச் சேர்ந்த இடம் தன் அடையாளச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வங்கியின் பெயரில் அமர்ந்திருக்கும் கள்ளனிடம் வங்கியின் சான்றிதழ் இருக்காது. ஆகவே உலாவி கூக்குரலிடுகின்றது. அந்தக் குரலை அமத்திவிட்டு உள்ளே போகாதீர்கள்.

எவரைத் தேர்வது?

இணைப்பு நிறுவனத்தின் வழிகாட்டியைத் தவிர, உலகில் எவரும் கேட்கக்கூடிய பொது வழிகாட்டிகளும் உண்டு. நாம் அறிந்தவற்றுள் முக்கியமானவற்றைச் சொல்கின்றோம்.

கூகிள் நிறுவனம் 2009 டிசம்பரில் தன் சேவையைத் தொடங்கிற்று. அதன் இலக்கங்கள் 8.8.8.8, 8.8.4.4 என்பன. கிளவுட்பிளேர் நிறுவனம் 2018 ஏப்ரல் 1ஆம் திகதி 1.1.1.1, 1.0.0.1 என்ற இலக்கங்களோடு வந்தது. குவாட்9 என்பது 2017 நவம்பரில் தொடங்கிய இலாப நோக்கற்ற சேவை, 9.9.9.9, 149.112.112.112 என்பன அதன் இலக்கங்கள். மோசடிக்கும் தீய நிரல்களுக்கும் இடமானவை என்று அறியப்பட்ட பெயர்களுக்கு அது வழி சொல்லாது. கிளவுட்பிளேரின் 1.1.1.3, 1.0.0.3 என்பவை அத்தகைய பெயர்களோடு ஆபாசப் பக்கங்களுக்கும் வழி மறுப்பவை. 2020இல் குடும்பங்களுக்கென்று தொடங்கப்பட்டவை.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பீர்கள். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். வழி கேட்கப்படுபவர் எமது கேள்விகளையெல்லாம் அறிந்துகொள்வார். எந்த வீட்டில் எந்த நேரத்தில் எந்த வைத்தியசாலையின் பெயர் கேட்கப்பட்டது, எந்த வங்கி, எந்தச் செய்தித்தாள், எந்தத் திருமணத் தகவற் பக்கம் என்பன அவருக்குத் தெரியும். ஆகவே, ‘எமது வீட்டின் கேள்விகளை யார் அறிந்திருக்கச் சம்மதம்?’ என்பதே சரியான கேள்வி. இணைப்பு நிறுவனமாயின் அது எமது நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் எமது பெயரும் விலாசமும் அதனிடம் உண்டு. வெளிநாட்டு நிறுவனமாயின் எமது பெயர் அதற்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் எமது சட்டம் அதனை எட்டுவது அரிது. தாம் எவற்றைப் பதிந்து வைக்கின்றோம், எத்தனை நாள் வைக்கின்றோம் என்பதை இச்சேவைகள் எழுதி வெளியிட்டிருக்கின்றன. அதனை வாசித்துத் தேர்வதே முறை. நாம் எவருக்கும் கட்டளையிட வரவில்லை. தெரிந்து தேருங்கள் என்றே சொல்கின்றோம்.

கேள்வி போகும் வழியிலும் ஒரு குறை இருக்கின்றது. பழைய முறையில் அது உறையிலிடாத தபாலட்டையைப்போலத் திறந்தபடியே போகும்; வழியிலுள்ளவர் படிக்கலாம், பதிலை மாற்றவும் செய்யலாம். 2014 மார்ச்சில் துருக்கி நாட்டில் டுவிட்டர் தடுக்கப்பட்டபோது, இளைஞர்கள் 8.8.8.8 என்ற இலக்கத்தைச் சுவர்களில் எழுதினார்கள். சில நாள்களில் அந்த இலக்கத்துக்குப் போகின்ற கேள்விகளே வழியில் மறிக்கப்பட்டு வேறு இடத்துக்குத் திருப்பப்பட்டன. எவரிடம் கேட்கின்றோம் என்று நினைத்தோமோ, அவரிடமே கேள்வி போய்ச் சேர்கிறது என்பதற்கு உறுதியில்லை. இதற்கு மருந்தாகக் கேள்வியை உறையிலிட்டு முத்திரையிடும் முறைகள் 2016இலும் 2018இலும் வகுக்கப்பட்டன. 2018இல் வெளிவந்த ஒன்பதாம் அன்ட்ராய்ட் தொடக்கம் கைத்தொலைபேசிகளில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்ற அமைப்பு உண்டு. அது அந்த முத்திரையிட்ட முறையே.

எமது நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறு அழிவின் பின்பும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அந்நாள்களில் எமது இளைஞர் பலர், எவர் செய்தது என்று தெரியாத இலவச வி.பி.என். செயலிகளைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டனர். பின்னர் அவற்றை மறந்தும் போயினர். அத்தகைய செயலி வீட்டின் டி.என்.எஸ். அமைப்பை முழுவதும் ஒதுக்கிவிட்டுத் தன் வழிகாட்டியையே வைத்துக்கொள்ளக்கூடும். வீட்டுக்குப் போனதும், பாவிக்காதவற்றை நீக்கிவிடுங்கள்.

ஆகாதவை

இனி, டி.என்.எஸ். மாற்றத்தால் ஆகாதவற்றையும் சொல்வோம். இதனை மாற்றினால் இணையம் இரட்டிப்பு வேகமாகும் என்று சொல்வோர் உளர். பெயருக்கு இலக்கம் கிடைக்கும் நேரம் சற்றுக் குறையலாம். ஆனால் படம் இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது இணைப்பின் அகலமே. ஒருமுறை கிடைத்த பதிலைப் பெட்டியும் கணினியும் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், அதே பெயரை ஒவ்வொரு முறையும் கேட்பதுமில்லை. பெரிய நிறுவனங்கள் தம் படங்களை இணைப்பு நிறுவனத்தின் அருகிலேயே சேமித்து வைப்பதுண்டு. தூரத்து வழிகாட்டியைக் கேட்டால் தூரத்துச் சேமிப்பிடத்தின் இலக்கம் கிடைத்து, வேகம் குறைவதும் உண்டு. மாற்றிப் பார்த்து, நல்லதாயின் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் பழையபடி விடுங்கள்.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் கட்டாரிலும் துபாயிலும் இருக்க, எத்தனை தாய்மார் அன்று இரவு நித்திரையின்றி இருந்தார்கள்! ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்களும், டி.என்.எஸ். இலக்கங்களை மாற்றியவர்களும் பலர். ஒன்றும் பலிக்கவில்லை, ஏறத்தாழ ஆறு மணி நேரம் அப்படியே கிடந்தது. அந்த நிறுவனத்தின் வலையமைப்பே பிழையான கட்டளை ஒன்றால் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, அதன் பெயர்ப்பட்டியல் வைத்திருந்த கணினிகளும் எட்டாமற் போயின. துறைமுகமே மூடப்பட்டால் எந்த வழிகாட்டியும் கப்பலை உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே, ஒரே ஒரு சேவை மாத்திரம் நின்றால் உங்கள் அமைப்பைத் தொடாதீர்கள். எல்லாப் பெயர்களும் நின்று, இணைப்பு விளக்கு மாத்திரம் எரிந்துகொண்டிருந்தால் வழிகாட்டியைச் சந்தேகியுங்கள்.

வீட்டாரின் சம்மதம்

பிள்ளைகளுள்ள வீடுகளில் வடிகட்டுகின்ற வழிகாட்டியை வைப்பது பயனுள்ளதே. ஆயினும் அது வாசற் கதவுக்குப் போடுகின்ற கொக்கி. தாய் தந்தையின் கண்ணுக்கு ஈடாகாது. அது பெயர்களை மாத்திரமே தடுக்கும். அனுமதிக்கப்பட்ட ஒரு தளத்தின் உள்ளே எந்தப் படம் ஓடுகின்றது என்பதை அறியாது. பிள்ளை கைத்தொலைபேசியின் சொந்த டேட்டாவுக்கு மாறிவிட்டால் வீட்டுப் பெட்டிக்கு அங்கே வேலையுமில்லை.

இங்கே எமது குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் பெரியோரைக் கேளாமலே, நன்மை என்று எண்ணி, வடிகட்டும் இலக்கங்களை எழுதிவிட்டு வந்தோம். பழைய இலக்கங்களைக் குறித்து வைக்கவுமில்லை. அடுத்த வாரம் அவர்கள் பாவித்த ஏதோ ஒரு சேவை திறக்கவில்லை. காரணம் அவர்களுக்குத் தெரியாது. எம்மைக் கேட்கவேண்டும் என்பதும் தெரியாது. பல நாள் வீணாக அலைந்தார்கள். ‘செய்யிறதைச் சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாமே, பிள்ளையள்’ என்று அந்த வீட்டு அம்மா சொன்னபோது எமக்குத் தலைகுனிவாயிற்று. ஒரு வீட்டின் வழிகாட்டியை மாற்றும் உரிமை அந்த வீட்டாருக்கே உண்டு. அறிவுள்ளவன் என்பதால் அந்த உரிமை எமக்கு வந்துவிடாது.

செய்யும் முறை

முதலாவது: பெட்டியின் அடியிலுள்ள துண்டைப் பாருங்கள். அதன் உட்பக்கத்தைத் திறக்கும் முகவரி அதில் இருக்கும். பல பெட்டிகளில் அது 192.168.1.1. உள்ளே சென்று, முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைபைக் கடவுச்சொல் வேறு, இது வேறு. பெட்டியின் நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதனையும் ஏற்றுங்கள்.

இரண்டாவது: இப்போது இருக்கின்ற டி.என்.எஸ். இலக்கங்களை ஒரு கொப்பியில், திகதியோடு எழுதுங்கள். மாற்றுவதாயின் புதியவற்றையும், மாற்றியவர் பெயரையும் எழுதுங்கள்.

மூன்றாவது: இரண்டு வரிகளிலும் ஒரே வகையான வழிகாட்டியை வையுங்கள். முதல் வரியில் வடிகட்டுபவரையும், இரண்டாம் வரியில் வடிகட்டாதவரையும் வைத்தால், கருவி தன் விருப்பப்படி எவரையும் கேட்கும், வடிகட்டல் வீணாகும். ஐ.பி. ஆறாம் பதிப்புக்குத் தனியான வரிகள் இருந்தால் அவற்றையும் மறவாதீர்கள். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்ததாகிவிடும்.

நான்காவது: மாற்றிய பின்பு கருவிகளை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பழைய வழிகாட்டியை அவை நினைவில் வைத்திருக்கும். பின்னர் வங்கி, பாடசாலை, தொலைக்காட்சி என்று வீட்டார் பாவிக்கும் எல்லாவற்றையும் அவர்கள் முன்னிலையிலேயே திறந்து பாருங்கள்.

ஐந்தாவது: சில நிறுவனங்கள் தந்த பெட்டிகளில் இந்த வரிகள் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அப்போது கைத்தொலைபேசியிலும் கணினியிலும் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பியை எடுத்து, பெட்டியிலுள்ள இலக்கமும் கொப்பியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

அவையோர்களே, எமது மன்றத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். வருகின்ற விடுமுறையில் இருவர் இருவராகப் பிரிந்து, அழைக்கின்ற வீடுகளுக்கு மாத்திரம் செல்வோம். முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்கு முதலிடம் கொடுப்போம். கடவுச்சொல்லை அவர்களே தட்டட்டும். நாம் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வோம். எதனை மாற்றினோம் என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லி, அவர்கள் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். மாற்ற வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், பெட்டியின் கடவுச்சொல்லை மாத்திரம் மாற்றச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்து வருவோம். அதுவும் தொண்டே.

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். ‘இதெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டு, எமக்கு எதற்கு?’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். அன்று அந்த ஐயாவைக் காத்தது கணினிப் படிப்பன்று. வழி காட்டுபவன் யார் என்று ஒரு கணம் நின்று கேட்கின்ற பழக்கமே அவரைக் காத்தது. அந்தப் பழக்கம் உங்களிடம் எம்மைவிட மிகுதியாக உண்டு. பொத்தான் எங்கே இருக்கின்றது என்பதை நாம் காட்டுகின்றோம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் எமக்குக் காட்டுங்கள்.